கோடு போடும் கை யாருடையது?

தேர்தல் என்றதும் நம் கண்முன் வருபவை சுவரொட்டிகளும், ஒலிபெருக்கி கட்டிய ஜீப்புகளும், வாக்குச்சாவடி முன் நிற்கும் நீண்ட வரிசையும், விரலில் வைக்கும் மையுந்தான். பணம் வாங்காதீர்கள், நல்லவருக்கு வாக்களியுங்கள், தவறாமல் சாவடிக்குச் செல்லுங்கள் என்று பெரியவர்கள் அறிவுரை கூறுகிறார்கள். அவை யாவும் தேவையானவையே. ஆனால் வாக்காளர் வரிசையில் வந்து நிற்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு காரியம் ஓசையின்றி நடந்து முடிந்துவிடுகிறது. எந்தக் கிராமம் எந்தத் தொகுதியில் சேரும், எந்த மலை எந்தச் சமவெளியோடு இணையும் என்று வரைபடத்தின்மேல் கோடு போடுவதே அந்தக் காரியம். அதற்குத் தொகுதி மறுவரையறை என்று பெயர்.

வேட்பாளரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். ஆனால் அந்த வேட்பாளருக்கு யார் யார் வாக்காளர்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பது யார்? மக்களாட்சியில் இது சிறிய கேள்வியன்று. சேர்வராயன் மலைமேல் படிக்கும் எங்களுக்கு இது மிகவும் நெருங்கிய கேள்வி. கோடு போடும் கை, அந்தக் கோட்டால் எந்த இலாபமும் அடையாத குடிமக்களின் கையாக இருக்க வேண்டும்; அந்தக் கை கோடு போடுமுன் மலையேறி வந்து எங்கள் பேச்சைக் கேட்க வேண்டும். இதுவே எங்கள் கருத்து. ஏன் என்பதைக் கூறுகிறோம்.

இருபத்தைந்து பேர் கணக்கு

ஒரு வகுப்பில் இருபத்தைந்து மாணவியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விழாவில் நாடகம் போடுவதா, நடனம் ஆடுவதா என்று வாக்கெடுக்க வேண்டும். பதினாறு பேருக்கு நடனத்தில் விருப்பம். ஒன்பது பேருக்கு நாடகத்தில் விருப்பம். நேராக எண்ணினால் நடனமே வெல்லும். ஆனால் ஐந்து ஐந்து பேராக ஐந்து வரிசை அமைத்து, வரிசைக்கு ஒரு வாக்கு என்று விதி வைத்து, வரிசை அமைக்கும் பொறுப்பை நாடகக் கட்சித் தோழியிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அவள் முதல் மூன்று வரிசைகளிலும் நாடகத் தோழியர் மும்மூவரையும், நடனத் தோழியர் இவ்விருவரையும் உட்கார வைப்பாள். மீதமுள்ள பத்து நடனத் தோழியரையும் கடைசி இரண்டு வரிசைகளில் அடைத்துவிடுவாள். இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்று வரிசை நாடகத்துக்கு, இரண்டு வரிசை நடனத்துக்கு! ஒன்பது பேர் பதினாறு பேரை வென்றுவிட்டார்கள். ஒருவரும் கள்ள வாக்குப் போடவில்லை. ஒருவரும் பணம் கொடுக்கவில்லை. பெஞ்சுகளை மாற்றியமைத்தது ஒன்றே போதுமானதாயிற்று.

"பரிமாறுகிறவர் நம்மவரானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன?" என்பது நம் ஊர்ப் பழமொழி. அந்த அகப்பையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள உலகெங்கும் அரசியல்வாதிகள் ஆசைப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர் எல்பிரிட்ஜ் ஜெரி. 1812ஆம் ஆண்டில் அவர் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான தொகுதிகளுள் ஒன்று, வளைந்து நெளிந்து சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் வடிவில் இருந்ததாம். பாஸ்டன் நகரப் பத்திரிகை ஒன்று அதற்கு இறக்கையும் நகமும் வரைந்து கேலிச்சித்திரம் வெளியிட்டது. ஜெரியின் பெயரும் சாலமாண்டரும் சேர்ந்து 'ஜெரிமாண்டர்' என்ற சொல் பிறந்தது. இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்தச் சொல்லுக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

நம் நாட்டின் ஏற்பாடு

நம் நாட்டு ஏற்பாட்டின் நன்மையை முதலில் கூறுவதே நியாயம். இந்தியாவில் ஆளுங்கட்சி தன் விருப்பப்படி சட்டமன்றத்தில் தொகுதி எல்லைகளை வரைந்துகொள்ள முடியாது. அதற்கென நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி மறுவரையறை ஆணையத்தை அமைக்கிறது. 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் அத்தகைய ஆணையங்கள் அமைந்தன. கடைசியாகக் கூறிய ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி குல்தீப் சிங் தலைவராக இருந்தார். தேர்தல் ஆணையத்தின் சார்பில் ஒருவரும், அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையரும் உறுப்பினர்கள். அவர்கள் வரைந்த தொகுதிகள் 2008ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தன.

இந்த ஏற்பாட்டைப் போற்றிக்கொண்டே அதன் குறைகளையும் சொல்லலாம் அல்லவா? முதலாவது, ஆணையத்துக்கு உதவ மாநிலத்துக்குப் பத்துத் துணை உறுப்பினர்கள் இருந்தார்கள். ஐவர் மக்களவை உறுப்பினர்கள். ஐவர் சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது உண்மை. ஆனாலும் மேசையருகே உட்கார்ந்து முதலில் பேசும் உரிமை, நாளைக்கு அதே தொகுதியில் நிற்கப்போகிறவர்களுக்கே கிடைத்தது. ஆசிரியைக்கும், விவசாயிக்கும், தோட்டத் தொழிலாளிக்கும் அங்கே நாற்காலி இல்லை. இரண்டாவது, பொதுமக்கள் வரைவு வெளியான பிறகு ஆட்சேபம் தெரிவிக்கலாம்; பொது அமர்வில் வந்து பேசலாம். ஆனால் அமர்வு எந்த ஊரில் நடக்கும் என்பது ஆணையத்தின் விருப்பம். மூன்றாவது, இறுதி ஆணை வெளிவந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலிமை உண்டு. நாடாளுமன்றமும் சட்டமன்றமும் அதில் ஒரு புள்ளியையும் மாற்ற இயலாது. நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பவும் அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு தடை போடுகிறது. எவராலும் மாற்ற முடியாத கோட்டை எவ்வளவு கவனமாக, எத்தனை பேரைக் கேட்டுப் போட வேண்டும்!

எங்கள் மலையின் கதை

இனி எங்கள் மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ஏரியையும் படகையும் காப்பித் தோட்டங்களையும் பார்த்துவிட்டு மாலையில் இறங்கிவிடும் விருந்தினர் பலர். ஏரிக்கு அப்பால் நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களை அவர்கள் பார்ப்பதில்லை. அங்கே பெரும்பாலும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது என்பார்கள். அவர்கள் பேசுவது தமிழே.

2008ஆம் ஆண்டு ஆணைப்படி ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டது. தொகுதியின் பெயர் ஏற்காடு. ஆனால் அதன் வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் மலையின் கீழே, வாழப்பாடி, அயோத்தியாபட்டணம் பக்கத்துச் சமவெளியில் வாழ்பவர்கள். சமவெளி மக்கள்மேல் எங்களுக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அவர்களுக்கும் குடிநீர், சாலை, மரவள்ளிக்கிழங்கு விலை என்று ஆயிரம் கவலைகள் உண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். மலைக்கு ஒருமுறைகூட ஏறி வராத வேட்பாளரும், மலைமேல் ஒரு வாக்கும் பெறாத வேட்பாளரும் 'ஏற்காடு உறுப்பினர்' ஆக முடியும். மலை மக்களின் குரலுக்காக ஒதுக்கிய இடத்தில் மலையின் குரல் மிகச் சிறியதாகிவிடுகிறது.

நாடாளுமன்றத் தொகுதியைப் பார்த்தாலோ வியப்பு இன்னும் கூடுகிறது. எங்கள் மலையின் அடிவாரம் சேலம் நகரம். ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் அங்கே. ஆனால் 2008ஆம் ஆண்டு ஆணை ஏற்காட்டைச் சேலம் மக்களவைத் தொகுதியில் சேர்க்காமல் கள்ளக்குறிச்சித் தொகுதியில் சேர்த்தது. கள்ளக்குறிச்சி நகரமோ எங்களுக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவு. 2019ஆம் ஆண்டில் அது தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. "கள்ளக்குறிச்சித் தொகுதியில் கல்வராயன் மலையும் இருக்கிறது, மலைக்கு மலை துணையாகட்டும் என்று சேர்த்திருக்கலாமே" என்று ஒருவர் வாதிடலாம். நல்ல வாதந்தான்! ஆனால் எந்தக் காரணமாயினும் அது கோட்டின் பக்கத்திலேயே எழுதப்பட்டு, எங்கள் ஊராட்சிப் பலகையில் ஒட்டப்பட்டு, மக்கள் பதில் சொல்ல இடம் தரப்பட வேண்டும்.

மூன்று அண்ணன் தம்பியர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறியதாக மலையாளி மக்களிடையே ஒரு வழக்குக் கதை உண்டு. அந்த மூன்று மலைகளுக்கும் ஒரு காலத்தில் மூன்று தனித்தொகுதிகள் இருந்தன: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தின் பழங்குடியினர் சுமார் ஆறரை லட்சம் பேர், நூற்றுக்கு ஒருவர். மொத்தம் 234 இடங்களில் அவர்கள் பங்கு இரண்டரை இடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பின்னத்தைத் தள்ளிவிட்டு இரண்டு என்று வைத்துக்கொண்டார்கள். பச்சைமலைப் பக்கத்து உப்பிலியபுரம் வரைபடத்திலிருந்தே மறைந்தது. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் மூன்றாவது தம்பியின் மலைக்கு யார் சென்று இதை விளக்கிக் கூறினார்கள்?

பிற மலைகளின் பாடம்

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய துன்பம் அன்று. 2022ஆம் ஆண்டில் ஜம்மு காஷ்மீரில் தொகுதிகளைத் திருத்தியமைத்தபோது, பீர் பஞ்சால் மலைத்தொடருக்கு அப்பால் உள்ள ரஜௌரி, பூஞ்ச் பகுதிகளைப் பள்ளத்தாக்கிலுள்ள அனந்தநாக்கோடு சேர்த்து ஒரே மக்களவைத் தொகுதியாக்கினார்கள். அந்த ஆணையமே ஒன்பது சட்டமன்ற இடங்களை முதன்முறையாகப் பழங்குடியினருக்கு ஒதுக்கியது. அதைப் பாராட்ட வேண்டும். ஆனால் 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வானிலையையும் பாதைச் சிரமத்தையும் காரணம் காட்டி அந்த ஒரு தொகுதியின் வாக்குப்பதிவு மே 7ஆம் தேதியிலிருந்து 25ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. தாளின்மேல் கோடு போடுவது எளிது. மலையைத் தாண்டுவது எளிதன்று.

கடல் கடந்து இலங்கைக்குச் செல்வோம். அங்கே மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பலரை நாடற்றவர்களாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். எத்தனை தொகுதிகள் என்று தீர்மானிக்கத் தலைகளை எண்ணியபோது தோட்டத் தொழிலாளரையும் சேர்த்து எண்ணினார்கள். வாக்குகளை எண்ணியபோது அவர்கள் இல்லை! அவர்கள் தலைக்கணக்கால் கிடைத்த இடங்களை மற்றவர்கள் நிரப்பினார்கள். எண்ணப்படுவது வேறு, கேட்கப்படுவது வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நிலத்தின் இயல்பை மதிப்பது இயலாத காரியமும் அன்று. 2024ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தமிழகத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்குச் சராசரி 16 லட்சம் வாக்காளர்கள் இருந்தார்கள். லட்சத்தீவில் அறுபதாயிரத்துக்கும் குறைவு. ஆயினும் அதற்கென ஓர் உறுப்பினர் உண்டு. பிரிட்டனில் ஆர்க்னி, ஷெட்லாந்து தீவுகளுக்குச் சட்டமே ஒரு தனித் தொகுதியைக் காத்துக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கும் அப்படித் தனி உறுப்பினர் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம், தொகுதிகள் இயன்றவரை கையடக்கமாக இருக்க வேண்டும், இயற்கை அமைப்பையும் நிர்வாக எல்லைகளையும் போக்குவரத்து வசதியையும் மக்களின் சௌகரியத்தையும் கருத வேண்டும் என்று கூறியது. அந்தச் சொற்கள் மலைமேலும் உயிர் பெற வேண்டும் என்றே கேட்கிறோம்.

குடவோலை தந்த வழி

அதற்கு வழி என்ன? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 2008ஆம் ஆண்டில் வாக்களித்து, எல்லை வரையும் வேலையைப் பதினான்கு குடிமக்கள் கொண்ட குழுவிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளையும் சார்ந்தவர் ஐவர் ஐவர். எதையும் சாராதவர் நால்வர். தகுதியுள்ள விண்ணப்பதாரரிலிருந்து முதல் எட்டுப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்த எண்மர் மற்ற அறுவரைத் தேர்ந்தார்கள். பதவியில் இருந்தவருக்கும் கட்சி வேலை பார்த்தவருக்கும் பத்தாண்டுக் காலம் இடமில்லை.

இதைப் படித்தபோது எங்களுக்கு வரலாற்றுப் பாடமே நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை இதுவன்றோ! ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டார்கள். அந்த முறையில் பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் இடமில்லை. அந்தக் குறையை நீக்கி அதன் நிறையை எடுத்துக்கொள்வது நம் காலத்தின் கடமை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. நீதிபதியும் தேர்தல் ஆணையமும் இருக்கும் அதே மேசையில், சீட்டுக் குலுக்கித் தேர்ந்த குடிமக்கள் சம எண்ணிக்கையில் உட்கார வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாகவும், பழங்குடிப் பகுதி உள்ள இடங்களில் அம்மக்களும் இருக்க வேண்டும். பத்தாண்டுக்குள் தேர்தலில் நின்றவரும் கட்சிப் பதவி வகித்தவரும் விலகி நிற்க வேண்டும். அமர்வுகள் மாநகரங்களில் மட்டுமின்றி மலைமேலும், மக்கள் கூடும் சந்தை நாளில், தமிழில் நடக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் எழுதி வெளியிட வேண்டும். வெளிப்படையான அநீதி நேர்ந்தால் நீதிமன்றம் செல்லக் குறுகிய வாசலாவது திறந்திருக்க வேண்டும்.

சாதாரணக் குடிமக்களுக்கு இந்த வேலை தெரியுமா என்று கேட்பார்கள். வரைபடம் வரைய நில அளவைத் துறையினர் இருக்கிறார்கள். ஆனால் எந்த ஓடை மழைக்காலத்தில் வழியை அடைக்கும், எந்தக் கிராமத்தார் எந்தச் சந்தைக்குப் போவார்கள், பிரசவ வலி கண்ட தாயை எந்தப் பாதையில் தூக்கிச் செல்வார்கள் என்பதை ஊர்க்காரரே அறிவார். கலிபோர்னியாவிலேயே 2025ஆம் ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, குழு வரைந்த நாடாளுமன்ற வரைபடத்தைச் சில தேர்தல்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டார்களே என்றும் கேட்கலாம். டெக்சாஸ் மாநிலத்தார் கட்சி இலாபத்துக்காக வரைபடத்தை மாற்றியதற்குப் பதிலடியாக அதைச் செய்தார்கள். ஒரு வீட்டார் வேலியைப் பிடுங்கினால் அடுத்த வீட்டாரும் பிடுங்குவர். வேலி வேண்டாம் என்பதற்கு அது சான்றாகாது. எல்லோருக்கும் ஒரே வேலி வேண்டும் என்பதற்கே சான்று.

மறுவரையறை என்ற சொல் கேட்டதும் இன்று பெரியவர்கள் எல்லோரும் தமிழகத்துக்கு எத்தனை இடங்கள் என்றே பேசுகிறார்கள். 1976ஆம் ஆண்டு 42ஆவது திருத்தமும், 2001ஆம் ஆண்டில் நிறைவேறிய 84ஆவது திருத்தமும் மாநிலங்களின் இடப் பங்கீட்டைத் தள்ளி வைத்ததன் காரணத்தை நாங்கள் அறிவோம். குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னின்ற மாநிலம் அதனாலேயே இடம் இழப்பது நியாயமாகாது. ஆனால் முப்பத்தொன்பதோ, கூடவோ குறையவோ, எத்தனை இடங்கள் வந்தாலும் அவற்றை மாநிலத்துக்குள் பங்கிடும் கோடு ஒன்று உண்டு. தில்லியிடம் நியாயம் கேட்கும் தமிழகம், தன் மலைகளுக்கும் அதே நியாயத்தை வழங்க வேண்டும் அல்லவா?

வாக்களிக்கும் வயது இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைந்தது 1989ஆம் ஆண்டில். அதன் பயனாக இன்னும் மூன்றே ஆண்டுகளில் எங்கள் விரலிலும் மை ஏறும். எங்களில் சிலர் அடிவாரத்தில் வாக்களிப்போம், சிலர் மலைமேல். எங்கே வாக்களித்தாலும் அந்த வாக்கின் எடை முன்கூட்டியே ஒரு பென்சில் முனையில் தீர்மானிக்கப்பட்டுவிடக் கூடாது. தோழியரே, சமூக அறிவியல் தேர்வுக்காக மட்டும் வரைபடத்தைப் படிக்காதீர்கள். அதில் உங்கள் ஊரைச் சுற்றிச் செல்லும் கோட்டை விரலால் தொட்டு, "இதைப் போட்டவர் யார்? ஏன் இப்படிப் போட்டார்?" என்று வீட்டிலும் வகுப்பிலும் கேளுங்கள். ஊர் கூடித் தேர் இழுப்போம். ஊர் கூடியே கோடும் போடுவோம்.